மருந்துச் செலவைக் குறைப்போம்; மருந்தைக் குறைக்க வேண்டாம்

எங்கள் புறநோயாளர் பிரிவில் மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு காட்சியைத் தவறாமல் காண்கிறோம். அதுவரை சீராக இருந்த இரத்த அழுத்தம் அந்த வாரத்தில் பலருக்குக் கூடியிருக்கும். சர்க்கரை அளவும் ஏறியிருக்கும். உணவில் ஏதேனும் மாற்றம் உண்டா என்று கேட்டால் இல்லை என்பார்கள். பொறுமையாக மீண்டும் கேட்டால்தான் காரணம் வெளிப்படும். மாத்திரை தீர்ந்து எட்டு நாள் ஆகியிருக்கும். சம்பளமோ ஓய்வூதியமோ மகன் அனுப்பும் பணமோ வந்த பிறகு வாங்கலாம் என்று காத்திருந்திருப்பார்கள்.

செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு விவசாயியை நாங்கள் மறக்க இயலாது. மாரடைப்பு ஏற்பட்டு, இதயக் குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டு நலமாக வீடு திரும்பியவர். மூன்றாம் மாதத்தில் கடுமையான நெஞ்சுவலியுடன் மீண்டும் கொண்டுவரப்பட்டார். பொருத்திய ஸ்டென்டிலேயே இரத்தம் உறைந்திருந்தது. அறுவடைப் பணம் வரவில்லை என்பதால் இருபது நாளாக எந்த மாத்திரையும் வாங்கவில்லை என்று அவருடைய மனைவி கூறினார். உயிர் பிழைத்தார், ஆனால் இதயத்தின் வலிமை முன்போல் இல்லை. உழவு வேலைக்கு அவரால் திரும்ப முடியவில்லை.

அவர் நிறுத்திய மாத்திரைகளில் உயிர் காப்பவை ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் ஆகிய இரண்டும். இரண்டும் அரசு மருத்துவமனைகளில் விலையின்றி வழங்கப்படுபவை. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுக்கு அனுப்பிய நாளில் நாங்களும் சொல்லவில்லை. மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்தோம். மாதந்தோறும் அதை வாங்க முடியுமா என்று கேட்கவில்லை. அந்தக் குறையை ஒப்புக்கொண்டே இப்பாடத்தை எழுதுகிறோம்.

ஒரே மருந்துக்கு ஏன் இத்தனை விலை?

ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, அதன் வேதிப்பொருளைக் குறிக்கும் பொதுப்பெயர். மற்றொன்று, தயாரிக்கும் நிறுவனம் சூட்டும் வணிகப்பெயர். மெட்ஃபார்மின் என்பது பொதுப்பெயர். அதே மெட்ஃபார்மினை வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு வணிகப்பெயர்களில் விற்கின்றன. உள்ளிருக்கும் மருந்து ஒன்றே. அட்டையின் நிறமும் பெயரும் விலையும் மட்டுமே வேறு. மாத்திரை அட்டையில் வணிகப்பெயர் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். பொதுப்பெயரும் மில்லிகிராம் அளவும் அதன் அருகிலோ பின்புறத்திலோ இருக்கும். அந்த வரியைப் படிக்கப் பழகுவதே இப்பாடத்தின் முதற்படி.

புதிதாகக் கண்டறியப்பட்ட மருந்துக்குக் காப்புரிமை உள்ளவரை அதை வேறு நிறுவனங்கள் தயாரிக்க இயலாது. விலை உயர்ந்தே இருக்கும். காப்புரிமைக் காலம் முடிந்ததும் பல நிறுவனங்கள் களத்தில் இறங்குவதால் விலை சரியும். நீரிழிவுக்கான வில்டாகிளிப்டின் 2019ஆம் ஆண்டின் இறுதியிலும், எம்பாகிளிஃப்ளோசின் 2025 மார்ச் மாதத்திலும் நம் நாட்டில் இவ்வாறு காப்புரிமையிலிருந்து விடுபட்டன. மாத்திரை ஒன்று ஏறத்தாழ 60 ரூபாய்க்கு விற்ற எம்பாகிளிஃப்ளோசின், அதன்பின் சில நிறுவனங்களின் தயாரிப்பாக 10 ரூபாய்க்கும் குறைவாகக் கிடைத்தது. ஆனால் பழைய சீட்டையே காட்டிப் பழைய வணிகப்பெயரையே வாங்கும் ஒருவருக்கு இந்த மாற்றம் தெரியவே வாய்ப்பில்லை. ஆகையால் ஆண்டுக்கு ஒரு முறையேனும், “என் மருந்துகளில் எதற்காவது இப்போது விலை குறைந்த தயாரிப்பு வந்துள்ளதா?” என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

விலையைக் கட்டுப்படுத்தும் அரசு ஆணைகளும் உண்டு. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி, தேசிய இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளவற்றுக்குத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதிக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட அப்பட்டியலில் 384 மருந்துகள் உள்ளன. பட்டியலில் இல்லாத மருந்துகளின் விலையை நிறுவனங்கள் ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக் கூடாது. மேலும், 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளின் மீதான ஜி.எஸ்.டி. வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. புற்றுநோய் மருந்துகள் உள்ளிட்ட சில உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரி அறவே நீக்கப்பட்டது.

அட்டையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் எவரும் வாங்கக் கூடாது. அதற்குக் கீழே விற்கத் தடை ஏதுமில்லை. கூடுதல் விலை கேட்கப்பட்டால் 1800 111 255 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் விலை நிர்ணய ஆணையத்திடம் முறையிடலாம்.

விலை குறைந்தால் வேலை செய்யுமா?

உடனிருப்போர் எங்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. ஐயம் நியாயமானதே. விலை குறைந்த மருந்துக்கும் உயர்ந்த மருந்துக்கும் சட்டம் விதிக்கும் தரம் ஒன்றுதான்; இரண்டும் இந்திய மருந்துத் தர நூல் வகுத்த அளவுகளுக்கு உட்பட வேண்டும். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்குகிறது. 1994இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், ஒவ்வொரு தொகுதி மருந்திலிருந்தும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பித் தேறிய பின்னரே மருத்துவமனைகளுக்கு விடுவிக்கிறது. இம்முறையைப் பின்பற்றியே ராஜஸ்தான் மாநிலம் 2011இல் தன் இலவச மருந்துத் திட்டத்தை அமைத்தது. பெரிய அளவில் மொத்தமாக வாங்குவதாலும் விளம்பரச் செலவு இல்லாததாலும்தான் அங்கே விலை குறைகிறது.

எனினும் சில மருந்துகளில் ஒரு தயாரிப்பிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது விழிப்புத் தேவை. தைராய்டுக்கான தைராக்சின், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிடாயின், உறுப்பு மாற்றம் செய்தோருக்கான டாக்ரோலிமஸ் ஆகியவை அத்தகையவை. இவற்றின் அளவு சிறிது கூடினாலும் குறைந்தாலும் உடலில் விளைவு தெரியும். விலை குறைந்த தயாரிப்புக்கு இவற்றிலும் மாறலாம். ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற வேண்டும். மாறிய பின் அவர் கூறும் இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். அதன்பின் அடிக்கடி மாற்றாமல் ஒரே தயாரிப்பைத் தொடர வேண்டும்.

விலையின்றிக் கிடைக்கும் இடங்கள்

தனியார் மருத்துவரிடமோ புதுச்சேரி ஜிப்மரிலோ சிகிச்சை தொடங்கியவர்கள், அம்மருந்துகளைத் தம் ஊர் அருகில் பெற முடியாது என்று எண்ணிவிடுகிறார்கள். அது உண்மையன்று. நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றுக்கான முதன்மையான மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், திண்டிவனம் அரசு மருத்துவமனையிலும், முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரப்படும் சிகிச்சைச் சுருக்கத்தையும் நடப்பு மருந்துச் சீட்டையும் எடுத்துச் சென்று, அங்குள்ள தொற்றா நோய்ப் பிரிவில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சீட்டில் உள்ள வணிகப்பெயர் அங்கே இராது. அதே பொதுப்பெயர் கொண்ட மருந்தைத் தருவார்கள். ஐந்து மருந்துகளில் மூன்று அங்கே கிடைத்தாலும் மாதச் செலவில் பெரும்பகுதி குறையக்கூடும். மீதி இரண்டை மட்டும் வெளியே வாங்கினால் போதும்.

நடமாட இயலாத முதியோரின் குடும்பத்தார், 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை அறிந்திருக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை மகளிர் நலத் தன்னார்வலர்கள் இத்திட்டத்தின் கீழ் வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் ஊர்த் தன்னார்வலர் யார் என்பதை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ துணை சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்டறியலாம்.

காசநோய்க்கும் எச்.ஐ.வி. தொற்றுக்கும் முழுச் சிகிச்சையும் அரசால் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. காசநோய்க்கு மருந்து வாங்கக் கடன்பட்டவர்களையும் நாங்கள் கண்டிருக்கிறோம். அதற்குத் தேவையே இல்லை. மருந்தோடு ஊட்டச்சத்து உதவித்தொகையும் நோயாளரின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். இது பெரும்பாலும் உள்நோயாளர் சிகிச்சைக்கானது. மாதாந்திர மாத்திரைச் செலவை இது ஏற்காது. ஆயினும் சில நோய்களுக்கான தொடர் சிகிச்சையும் இதில் அடங்கும். ஆகவே வீடு திரும்புமுன், “காப்பீட்டில் எனக்குத் தொடர் சிகிச்சை உண்டா?” என்று மருத்துவமனையில் உள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் கேட்க வேண்டும்.

குறைந்த விலையில் கிடைக்கும் இடங்கள்

விலை கொடுத்தே வாங்க வேண்டிய மருந்துகளுக்கு இரண்டு வழிகளைப் பரிந்துரைக்கிறோம். ஒன்று, 2008இல் மத்திய அரசு தொடங்கிய மக்கள் மருந்தகம். மற்றொன்று, தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலமெங்கும் 1,000 இடங்களில் தொடங்கிய முதல்வர் மருந்தகம். இரண்டிலும் ஜெனரிக் மருந்துகள் வெளிச்சந்தை விலையில் பாதிக்கும் குறைவாகவே பெரும்பாலும் கிடைக்கின்றன. எல்லா மருந்தும் எல்லா நாளும் இருப்பில் இராது. ஆகவே கைவசம் ஒரு வார மாத்திரை இருக்கும்போதே சென்று கேளுங்கள். இருப்பு இல்லையெனில் வரவழைத்துத் தரச் சொல்லலாம்.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. சீட்டில் ஒரு வணிகப்பெயர் மட்டும் எழுதியிருந்தால், மருந்தாளுநர் தாமாக வேறு நிறுவனத்தின் மருந்தை மாற்றித் தர விதிகள் இடமளிப்பதில்லை. எனவே மருத்துவரிடமே பொதுப்பெயரைத் தெளிவாக எழுதித் தரும்படி கேளுங்கள். பொதுப்பெயரில், படிக்கத்தக்க எழுத்தில் எழுத வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறையிலேயே உள்ளது. நீங்கள் கேட்பதால் எவரும் வருந்தமாட்டார்கள்.

வழக்கமான கடையிலேயே வாங்குவோர் தள்ளுபடி விழுக்காட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு மாத்திரையின் விலையைக் கணக்கிடுங்கள். சான்றாக, 15 மாத்திரை கொண்ட அட்டை 120 ரூபாய் என்றால் ஒன்று 8 ரூபாய். 10 மாத்திரை கொண்ட அட்டை 90 ரூபாய் என்றால் ஒன்று 9 ரூபாய். பார்வைக்கு மலிவாகத் தோன்றும் இரண்டாவது அட்டையே உண்மையில் விலை கூடியது. புதிய மருந்தை முதன்முறை வாங்கும்போது ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்காமல் ஒரு வாரத்துக்கு வாங்குங்கள். உடலுக்கு ஒவ்வாமல் மருத்துவர் மாற்றினால் பணம் வீணாகாது. அட்டையை வெட்டி வாங்கும்போது, காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் தெரிகிறதா என்று பாருங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள்.

சீட்டையே சுருக்கலாம்

பல நேரங்களில் செலவின் வேர் மாத்திரையின் விலையில் இல்லை; மாத்திரைகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. விக்கிரவாண்டிப் பக்கத்து அம்மையார் ஒருவர் அடிக்கடி தலைசுற்றி விழுவதாக எங்களிடம் வந்தார். அவருடைய பையில் இருந்த பதினொரு அட்டைகளையும் மேசையில் பரப்பிப் பார்த்தோம். இரண்டு மருத்துவர்கள், இரண்டு வணிகப்பெயர்களில் ஒரே அம்லோடிபினை எழுதியிருந்தார்கள். இருவருக்கும் மற்றவர் எழுதியது தெரியாது. அம்மையார் இரண்டையும் தவறாமல் விழுங்கி வந்தார். இரண்டுக்கும் பணமும் கொடுத்தார். ஒன்றை நிறுத்தியதும் தலைசுற்றல் நின்றது. மற்ற அட்டைகளில் இரண்டு சத்து மாத்திரைகளும், எப்போதோ ஒரு வாரத்துக்கு எழுதப்பட்ட வயிற்று மாத்திரையும் இருந்தன. அன்று அவர் வீடு திரும்பும்போது சீட்டில் ஏழு மருந்துகளே இருந்தன.

ஆகவே எந்த மருத்துவரிடம் சென்றாலும் வீட்டில் உள்ள அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றும் எதற்கு, எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். ஆனால் எதை நிறுத்துவது என்ற முடிவை நீங்களாக எடுக்க வேண்டாம். ஒருவருக்குத் தேவையற்ற வயிற்று மாத்திரை, ஸ்டென்ட் பொருத்திய மற்றொருவருக்கு இரைப்பையில் இரத்தக் கசிவைத் தடுக்கும் காவலாக இருக்கலாம். பல மாத்திரைகளை ஒன்றாக இணைத்த கூட்டு மாத்திரை சில வேளைகளில் மலிவு. சில வேளைகளில் தனித்தனியாக வாங்குவதே மலிவு. இதையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

சிக்கனம் கூடாத இடங்கள்

பின்வருவனவற்றைப் பணத்தை மிச்சப்படுத்தும் வழிகள் என்று எண்ணிப் பலர் செய்கிறார்கள். இவை ஒவ்வொன்றும் பின்னர் பெருஞ்செலவில் கொண்டுவிடுவதை நாங்கள் காண்கிறோம்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை எடுப்பது. இரத்த அழுத்தம் மாத்திரை இல்லாத நாளில் ஓய்வெடுப்பதில்லை. பக்கவாதத்துக்கு அந்த ஒரு நாளே போதும்.

எல்லா மாத்திரையையும் பாதியாக உடைப்பது. மெல்லக் கரைந்து நாள் முழுதும் வேலை செய்யும்படி அமைக்கப்பட்ட மாத்திரையை உடைத்தால், முழு மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடக்கூடும். நடுவே கோடு இருக்கிறது என்பதால் மட்டும் உடைத்துவிடாமல் கேட்டுச் செய்ய வேண்டும்.

இன்சுலின் அலகுகளைக் குறைப்பது, அல்லது ஒரு குப்பியைத் திறந்து இரண்டு மூன்று மாதம் வைத்துக்கொள்வது. திறந்த குப்பி பெரும்பாலும் நான்கு வாரங்களுக்கே. வெயிலில் வைத்தால் அதற்கு முன்பே வலிமை இழக்கும்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் காய்ச்சல் விட்டதும் தாமாக நிறுத்தி, மீதியை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைப்பது. அடுத்த வீட்டாரின் மாத்திரையைக் கடன் வாங்குவது. பெயரற்ற பொட்டலத்தில் மூட்டுவலிக்குத் தரப்படும் மாத்திரையை நாள்தோறும் விழுங்குவது. மலிவாகக் கிடைக்கும் வலிநிவாரணிகளால் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்கு வருவோர் எங்கள் பிரிவில் உண்டு.

பரிசோதனையைத் தவிர்த்து ஆண்டுக்கணக்கில் பழைய சீட்டையே தொடர்வதும் சிக்கனமன்று. தேவையற்றுப் போன மருந்துக்கும் நீங்கள் பணம் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்த முறை வரும்போது கேட்க வேண்டியவை

இவ்வாறு கேள்விகளைத் தாளில் எழுதிக் கொண்டுவந்தால் மறவாது.

1. இந்த மருந்துகளில் ஒரு நாள்கூட விடக் கூடாதவை எவை?
2. நிறுத்தத் தக்கது ஏதேனும் உண்டா? ஒன்றே இரு பெயர்களில் உள்ளதா?
3. பொதுப்பெயரை எழுதித் தர முடியுமா?
4. இவற்றில் எவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும்?
5. விலை குறைந்த தயாரிப்புக்கு மாறினால் பரிசோதனை தேவையா?
6. கையில் பணம் இல்லாத நிலை வந்தால் நான் யாரிடம் சொல்ல வேண்டும்?

ஆறாவது கேள்வியைக் கேட்கத்தான் பெரும்பாலோர் கூசுகிறார்கள். மருத்துவர் முன் பணமில்லை என்று சொல்வதை மானக்குறைவாக எண்ணுகிறார்கள்; மாத்திரை தீர்ந்ததை மறைத்து, ஒழுங்காக எடுத்து வருவதாகக் கூறிவிடுகிறார்கள். அதை நம்பி நாங்கள் மருந்து போதவில்லை என்று கருதி, இன்னொரு விலையுயர்ந்த மருந்தைச் சேர்த்து எழுதிவிடுகிறோம். உண்மையைச் சொல்லியிருந்தால் சீட்டு குறைந்திருக்கும். சொல்லாததால் அது நீள்கிறது.

செஞ்சி விவசாயி இப்போது தம் ஊர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதந்தோறும் மருந்து பெறுகிறார். வெளியே வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் வந்து சென்ற பிறகு, வீடு திரும்பும் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பதை எங்கள் பிரிவில் வழக்கமாக்கியிருக்கிறோம்: “இந்த மருந்தை மாதம்தோறும் உங்களால் வாங்க முடியுமா?” நாங்கள் கேட்க மறந்தால், தயங்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.